தந்தையின் கடன், மகனின் பல்கலைக்கழகம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது டான் கா கீ என்ற சிங்கப்பூர்ச் சீனரின் வாழ்க்கை. சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் புக்கிட் தீமா சாலையை ஒட்டி அவர் பெயரில் ஒரு ரயில் நிலையம் இருப்பதைப் பார்த்திருக்கலாம். பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர், ரப்பர் முதலாளி, பள்ளிக்கூடங்களையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் எழுப்பியவர், போர்க்காலத்தில் தென்கிழக்காசியச் சீனர்களுக்குத் தலைவர், இறுதியில் மக்கள் சீனத்தின் அரசியல் ஆலோசனை மாநாட்டுக்குத் துணைத்தலைவர். இத்தனையும் ஒரே ஆள்.

அவரைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவது முக்கியமாக ஒன்றுதான். அவர் கொடுத்த பணத்தையெல்லாம் கடன் அடைப்பதுபோல் கொடுத்தார். வள்ளல் தன்னிடம் இல்லாதபோது கையை விரித்துவிடலாம்; ஊர் குறை சொல்லாது. கடன்பட்டவனுக்கு அந்த வழி இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணை வந்துவிடும். டான் கா கீ தமக்குத் தாமே இப்படியொரு தவணையை விதித்துக்கொண்டார். அவருடைய பெருமைக்கும், என் பார்வையில் அவருடைய அரசியல் பிழைக்கும், இந்தக் குணமே காரணம்.

1874ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று ஃபூஜியான் மாகாணத்தில், ஷியாமென் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஜிமெய் என்ற ஊரில் அவர் பிறந்தார். ஊர் முழுக்க டான் குலத்தவர். மீன்பிடித்தும் சிப்பி எடுத்தும் வாழ்ந்தவர்கள். தந்தை டான் கீ பெக் சிங்கப்பூரில் அரிசி வணிகர். மகன் ஊரில் தாயிடம் வளர்ந்து, பழைய திண்ணைப் பள்ளியில் செவ்வியல் நூல்களை மனப்பாடம் செய்து, 1890இல் தந்தையின் கடையில் வேலைக்குச் சேரக் கப்பலேறினார். வயது பதினாறு. கடையில் கணக்கு எழுதக் கற்றார். பின்னாளில் அவர் செய்த ஒவ்வொரு காரியத்திலும் அந்தக் கணக்கப்பிள்ளையின் கண் இருந்தது.

தாய் இறந்தபின் அடக்கக் காரியங்களுக்காக ஊருக்குப் போனவர், அங்கேயே சில ஆண்டுகள் தங்கிவிட்டு 1903இல் சிங்கப்பூர் திரும்பினார். விட்டுப்போன கடையை அவரால் அடையாளம் காண முடியவில்லை. குடும்பத்துக்குள்ளேயே பணம் கரைந்திருந்தது. தந்தையின் இன்னொரு மனைவியும் அவர் வளர்த்த மகனும் அள்ளிச் செலவழித்திருந்தார்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு லட்சம் வெள்ளிக்கும் மேல் கடன். கிழவரான தந்தையால் இனி எதுவும் ஆகாது.

சிங்கப்பூர்ச் சட்டப்படி தந்தையின் வணிகக் கடன் மகனைச் சேராது. கடன் கொடுத்தவர்களுக்கும் அது தெரியும். கடையை மூடிவிட்டு மகன் தன் வழியில் போயிருந்தால் யாரும் வழக்குப் போட்டிருக்க முடியாது. கடனை நான் அடைக்கிறேன் என்று டான் கா கீ அவராகவே முன்வந்து சொன்னார். நான்கே ஆண்டுகளில், 1907 வாக்கில், கடன்காரர்களோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்து கணக்கைத் தீர்த்தார். சிங்கப்பூர் வணிகர்களிடையே அவர் பெயர் அன்று நிலைத்தது. பின்னாளில் எத்தனையோ ஆயிரம் பேர் ரசீதைக்கூடச் சரிபார்க்காமல் அவரிடம் பணம் கொடுத்தார்களே, அந்த நம்பிக்கையின் அடிக்கல் இதுதான்.

அடைக்கப் பணம் எங்கிருந்து வந்தது? அன்னாசியிலிருந்து. 1904இல் ஏழாயிரம் வெள்ளி முதலோடு, மரச்சட்டமும் அத்தாப்புக் கூரையுமாக ஓர் அன்னாசி டப்பா ஆலையை எழுப்பினார். அன்னாசியை டப்பாவில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழில் அன்று சிங்கப்பூரில் சூடாக நடந்தது. போட்டியும் கடுமை. அதில் அவர் செய்த இரண்டு காரியங்களை அவரே எழுதியிருக்கிறார். மற்ற ஆலைகள் எல்லோரும் கேட்கும் வெட்டுக்கே ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தபோது, இவர் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு நேரில் நடந்துபோய், யாரும் சீண்டாத பலவகை வெட்டுகளுக்கான சில்லறை ஆர்டர்களை வாங்கி வந்தார். அதில் லாபம் கூடுதல். இரண்டாவது, மற்றவர்கள் பருவம் முடிந்தபின் லாப நட்டம் பார்த்தார்கள். இவர் அன்றன்றே பார்த்தார். இன்று வந்த பழம் எவ்வளவு, வெட்டிப் போனது எவ்வளவு, டப்பாவில் ஏறியது எவ்வளவு என்று மாலைக்குள் தெரிந்துவிடும். தவறு நடந்தால் மறுநாளே திருத்தலாம்.

அன்னாசிக்கு வாங்கிய நிலத்தில்தான் ரப்பர் வந்தது. மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவின் டான் சே யான். அவரிடமிருந்து 1906இல் 1,800 வெள்ளிக்கு 1,80,000 விதைகளை வாங்கி, அன்னாசி வரிசைகளுக்கு இடையே ஊன்றினார். பால்மரம் பால் தர ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை அன்னாசி சோறு போடும். மரம் வளர்ந்து நிழல் விழும்போது அன்னாசியை எடுத்துவிடலாம். கைப்பணம் குறைந்த ஒருவர் நீண்டகாலப் பயிரில் இறங்க இதைவிட நல்ல வழி கிடையாது. மோட்டார் வாகனம் பெருகி, ரப்பர் விலை 1910இல் வானத்துக்கு ஏறியது. அந்தத் தோட்டத்தை நல்ல விலைக்கு விற்று, அடுத்தடுத்த நிலங்களைத் திருத்தினார்.

முதல் உலகப்போர் வந்தபோது கப்பல் கிடைக்கவில்லை. அன்னாசி டப்பாக்கள் கிடங்கில் தேங்கின. சரி, கப்பலையே எடுத்துவிடுவோம் என்று முதலில் வாடகைக்கு எடுத்தார், பிறகு விலைக்கே வாங்கினார். பிரெஞ்சு அரசுக்கு வாடகைக்கு விட்ட இரண்டு கப்பல்களும் 1918இல் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. காப்பீட்டுத் தொகையாகப் பத்து லட்சம் வெள்ளிக்கும் மேல் வந்தது. தேங்கிநின்ற அன்னாசி ஆலையை ரப்பர் ஆலையாக மாற்றினார். போர் முடிந்தபோது அவர் பெரும் செல்வர்.

ரப்பரைத் தாளாக்கி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பிவிட்டு, அங்கே செய்த டயரையும் செருப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், இங்கேயே பொருள் செய்யவேண்டும் என்று நினைத்த ஆசியர் அவர். சும்பாவா சாலை ஆலையில் கேன்வாஸ் சப்பாத்து, சைக்கிள் டயர், மழைக்கோட்டு, பொம்மை எல்லாம் தயாராகின. மணிச் சின்னம் போட்ட அவருடைய சப்பாத்துகள் சீனாவின் நகரங்களிலும் தென்கிழக்காசியக் கடைத்தெருக்களிலும் விற்றன. 1925 வாக்கில் தோட்டம், ஆலை, கடைகள் எல்லாம் சேர்த்து அவரிடம் வேலை செய்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மலாயாவின் ஹென்றி ஃபோர்டு என்று அவரை அழைத்தார்கள்.

இனிப் பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன். உண்மையில் இதற்குத்தான் வந்தேன்.

1911இல் சீனாவில் மன்னராட்சி விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டே சன் யாட் சென்னின் புரட்சி அமைப்பில் சேர்ந்து தம் சடையை வெட்டியெறிந்தவர் டான் கா கீ. குடியரசு வந்துவிட்டது, இனி என் பங்கு என்ன என்று கேட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். ஜிமெயில் பங்காளிச் சண்டை. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனித் திண்ணைப் பள்ளி. ஒருவர் பிள்ளையோடு இன்னொருவர் பிள்ளை உட்காராது. எல்லாக் கிளைகளையும் பேசிச் சம்மதிக்க வைத்து, ஒரு மீன்குளத்தை விலைக்கு வாங்கித் தூர்த்து, 1913இல் ஒரே தொடக்கப் பள்ளியைத் திறந்தார். 1917இல் பெண்களுக்குப் பள்ளி. 1918இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும். 1920இல் மீன்பிடித் தொழிலுக்கும் கடல்தொழிலுக்கும் பள்ளி. கடற்கரை ஊர்க்காரர் என்பதால் அவருக்கு இது தோன்றியது. பிள்ளைகளை ஏட்டுப்படிப்புக்கு மட்டும் விட்டுவிடாமல், அப்பன் பாட்டன் தொழிலையும் அறிவோடு செய்யப் பழக்கினார்.

சிங்கப்பூரையும் அவர் விட்டுவிடவில்லை. அங்கிருந்த சீனர்கள் ஒரே சமூகமாக இல்லை. ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று பேச்சுவழியே பிரிந்து, சங்கமும் கோயிலும் இடுகாடும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். பள்ளியும் அப்படியே. 1919இல் திறந்த சீன உயர்நிலைப் பள்ளி எல்லாப் பிரிவினரின் பிள்ளைகளையும் மாண்டரின் மொழியில் ஒன்றாக உட்கார வைத்தது. தென்கிழக்காசியாவின் முதல் சீன இடைநிலைப் பள்ளி அது. முன்பே சொன்ன ரயில் நிலையம் அந்தப் பள்ளிக்கு அருகில்தான் இருக்கிறது. பின்னாளில் அரசியலில் அவர் எல்லாச் சீனர்களின் பெயராலும் பேச முடிந்ததென்றால், அந்த உரிமை இந்த வகுப்பறைகளில் முளைத்தது.

அதே 1919இல் ஷியாமென்னில் ஒரு பல்கலைக்கழகம் கட்டப்போகிறேன் என்று அறிவித்தார். தொடக்கச் செலவுக்குப் பத்து லட்சம், நடத்துவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் முப்பது லட்சம், ஆக நாற்பது லட்சம் வெள்ளி நாணயம் தருவதாக வாக்களித்தார். அன்று அவரிடம் இருந்த மொத்தச் சொத்தே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பார்கள். நான் தொடங்கினால் மற்றச் செல்வர்களும் வருவார்கள் என்று நம்பினார். வரவில்லை. பெரும் பணக்காரர்களிடம் அவரே நேரில் போய்க் கேட்டார், தட்டிக் கழித்தார்கள். இந்த ஏமாற்றத்தைத் தம் நினைவுக்குறிப்பில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1921 ஏப்ரல் 6 அன்று ஷியாமென் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டத் தேர்ந்தெடுத்த நாள் அதே ஆண்டு மே 9. 1915இல் ஜப்பானின் இருபத்தொரு கோரிக்கைகளுக்குச் சீனா பணிந்த நாள் அது. தேசிய அவமான நாளாக மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அந்த நாளில் ஒரு கல்வி நிலையத்துக்குக் கல் நாட்டியதிலேயே அவருடைய அரசியல் முழுவதும் இருக்கிறது. சிங்கப்பூர் மருத்துவரும் அறிஞருமான லிம் பூன் கெங் துணைவேந்தர் பொறுப்பேற்றுப் பதினாறு ஆண்டுகள் நடத்தினார். எழுத்தாளர் லூ சுன் 1926இல் வந்து சில மாதங்கள் பாடம் சொன்னார். இத்தனை கட்டடங்களில் ஒன்றுக்குக்கூட டான் கா கீ தம் பெயரை வைக்க ஒப்பவில்லை. நம் ஊரில் ஒரு பேருந்து நிழற்குடைக்கே எத்தனை பெயர் எழுதுகிறோம் என்பதை நினைத்தால், இதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டியிருந்திருக்கும் என்று புரியும்.

பிறகு ரப்பர் விழுந்தது. அது விழுந்த விதத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் அதில் நம்மவர்களும் விழுந்தார்கள். விலையைத் தூக்கி நிறுத்த பிரிட்டிஷ் அரசு 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற உற்பத்திக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் குறைவாக ஏற்றுமதி செய்யவேண்டும். விலை ஏறியது, 1925இல் உச்சம் தொட்டது. ஆனால் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள் திட்டத்தில் சேரவில்லை. அங்கே சிறு விவசாயிகள் ஏறின விலையைப் பார்த்து மரம் மரமாக ஊன்றினார்கள். 1928இல் திட்டத்தைக் கைவிட்டதும் சந்தையில் ரப்பர் வெள்ளமாக வந்தது. மறு ஆண்டே உலகப் பொருளாதார வீழ்ச்சி. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டுவதே நட்டம் என்ற நிலை வந்தது. 1930க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலாயா ரப்பரின் செல்வம் யாருடைய முதுகில் ஏறி வந்தது என்பதை அந்தக் கப்பல்கள் சொல்லும். கொடை வரலாறு பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

டான் கா கீக்கு இன்னொரு அடி, ஜப்பானியரின் மலிவு விலை ரப்பர்ச் சப்பாத்து. ஆலைகள் நட்டத்தில் ஓடின, வங்கிக் கடன் ஏறியது. 1931இல் வங்கிகள் சேர்ந்து அவருடைய தொழிலை ஒரு வரையறுக்கப்பட்ட கம்பெனியாக மாற்றி, நிர்வாகத்தில் உட்கார்ந்தன. பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகும் பணத்தை நிறுத்து என்று அழுத்தினார்கள். அவர் மறுத்தார். கம்பெனி மூடினால் தமக்கு மட்டுமே இழப்பு, பள்ளி மூடினால் சமூகத்துக்கே இழப்பு, ஒருமுறை மூடியதை மறுபடி திறப்பதும் எளிதல்ல என்பது அவர் வாதம். பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த மூன்று பங்களாக்களை விற்றுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1934இல் கம்பெனியைக் கலைத்தார்கள்.

பள்ளிச் செலவை நிறுத்தியிருந்தால் கம்பெனி தப்பியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. ரப்பர் விலை விழுந்த வேகத்தைப் பார்த்தால் எனக்கு அது உறுதியாகப் படவில்லை. ஆனால் கம்பெனி கலைந்தபோது இழப்பு அவருக்கு மட்டுமே என்பதும் சரியல்ல. ஆலையில் கூலி வாங்கிய ஆயிரக்கணக்கானோர் வீட்டிலும் உலை அணைந்தது. அவருடைய வாதத்தில் அவர்கள் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொல்கிறேன்: வாக்களித்த நாற்பது லட்சத்தையும் அவர் கொடுத்து முடித்தார். 1937இல் இனி முடியாது என்ற நிலையில் பல்கலைக்கழகத்தை அரசிடம் ஒப்படைத்தார், எந்த நிபந்தனையும் இல்லாமல். நல்ல காரியத்தைத் தொடங்கியும் கடைசிவரை நடத்த முடியாமல் அரசின் தலையில் சுமத்திவிட்டேனே என்று அதற்கும் வருந்தி எழுதினார். பதினாறு ஆண்டுகள் நடத்திய ஒருவரின் வருத்தம் இது.

தொழில் போனபின்தான் அவர் அரசியலில் உச்சத்துக்கு வந்தார். இது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். பணம் இருந்தால்தான் தலைமை என்ற சிங்கப்பூரில், ஐம்பத்தொன்பது வயதில் கம்பெனியை இழந்த ஒருவரை மூன்றே ஆண்டுகளில் மொத்தச் சமூகமும் முன்னால் நிறுத்தியது. 1937 ஜூலையில் ஜப்பான் சீனாமீது முழுப்போர் தொடுத்தது. நிவாரண நிதிக்கு யார் பொறுப்பு? யாரிடம் கொடுத்தால் காசு போய்ச்சேரும்? எல்லாரும் அவரைக் காட்டினார்கள். 1938 அக்டோபர் 10 அன்று, அவர் எழுப்பிய அதே சீன உயர்நிலைப் பள்ளியில், மலாயா, ஜாவா, பிலிப்பீன்ஸ், பர்மா எனப் பல இடங்களிலிருந்தும் பேராளர்கள் கூடி, தென்கடல் நிவாரண சங்கத்தை அமைத்து அவரைத் தலைவராக்கினார்கள். ரிக்‌ஷா இழுத்தவர்கள் மாதச் சந்தா கொடுத்தார்கள். தெருவோரத்தில் பதார்த்தம் விற்றவர்கள் ஒருநாள் வியாபாரத்தைக் கொடுத்தார்கள். மாணவர்கள் காகிதப்பூ விற்றார்கள். கொடுத்தவர் பெயர்கள் பத்திரிகையில் அச்சாகின.

அந்த மாதமே இன்னொரு காரியம் செய்தார். சீன அரசின் மக்கள் அரசியல் மன்றத்தில் அவர் உறுப்பினர். அங்கே வாங் ஜிங்வெய் ஜப்பானோடு சமாதானம் பேசலாம் என்று முயன்றுகொண்டிருந்தார். வாங் அவருக்குப் பழைய நண்பர். எதிரி நம் மண்ணைவிட்டு வெளியேறும் முன் சமாதானம் பேசுபவன் துரோகி என்ற பொருளில் பதினோரே எழுத்துகளில் ஒரு தீர்மானத்தைத் தந்தியில் அனுப்பினார் டான் கா கீ. மன்றத்துக்குத் தலைமை வகித்தவர் வாங். தம்மைக் குத்தும் தீர்மானம் தம் முன்னாலேயே வாசிக்கப்படுவதை அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

1939இல் இன்னும் கடினமான வேண்டுகோள் வந்தது. கடற்கரை பெரும்பாலும் ஜப்பான் வசம். சீனாவுக்கு ஆயுதமும் மருந்தும் போக பர்மாவின் லாஷியோவிலிருந்து குன்மிங் வரை ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் மலைச்சாலைதான் முக்கிய வழி. லாரி இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. டான் கா கீ அறிவிப்புக் கொடுத்தார். தென்கிழக்காசியாவிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் போனார்கள். ஆண் வேடமிட்டுப் போன பெண் ஒருவரும் அவர்களில் இருந்தார். மலேரியா, பள்ளத்தாக்கு, குண்டுவீச்சு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அந்தச் சாலையிலேயே மாண்டார்கள். தலைவர் கேட்டார் என்பதற்காகப் போனவர்கள் அவர்கள். அவர்களுக்குக் குளிருக்குப் போர்வை இல்லை, கொய்னா இல்லை என்று தெரிந்தபோது சிங்கப்பூரிலிருந்து திரட்டி அனுப்பினார்.

1940இல், அறுபத்தைந்து வயதில், தாம் அனுப்பும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கச் சீனாவுக்கே புறப்பட்டார். தலைநகர் சுங்கிங்கில் சியாங் கை ஷேக்கின் அரசு அவரை வரவேற்க மட்டும் எண்பதாயிரம் யுவான் ஒதுக்கியிருந்தது. போர்க்காலத்தில் இந்த விருந்து வேண்டாம் என்று பத்திரிகையில் அறிவிப்பே கொடுத்தார். மேல்தட்டினரின் ஆடம்பரத்தையும் அதிகாரிகளின் சொந்த வணிகத்தையும் கண்டு மனம் கசந்தார். ரிக்‌ஷாக்காரர் கொடுத்த காசு அவர் நினைவில் இருந்தது.

மே 31 அன்று கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனானை அடைந்தார். மலைக்குகை வீட்டில் மாவோ விருந்து வைத்தார். சதுர மேசைமேல் பழைய வட்டப் பலகை ஒன்றை வைத்து, மேசைவிரிப்புக்குப் பதில் வெள்ளைத் தாள்களைப் பரப்பியிருந்தார்கள். காற்று வந்து தாளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அப்படியே பலகையில் சாப்பிட்டார்கள். இதையெல்லாம் விடாமல் குறித்து வைத்திருக்கிறார். சீனாவுக்கு எதிர்காலம் இங்கேதான் இருக்கிறது என்று அவர் முடிவுகட்டியது அந்த நாட்களில்தான்.

அவர் ஏன் அப்படி முடிவுகட்டினார் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. வாழ்நாள் முழுதும் மனிதர்களைச் செலவுக் கணக்கை வைத்தே எடைபோட்டவர். அந்த அளவுகோல் சுங்கிங்கைச் சரியாகவே அளந்தது. ஆனால் ஒரு தலைவரின் சாப்பாட்டு மேசை அவருடைய ஆட்சியின் முழுக்கணக்கு ஆகாது. எளிமையாக உண்பவர் கையிலும் எல்லையற்ற அதிகாரம் சேரலாம். அது கேள்வியின்றிச் செலவாகலாம். 1959 தொடங்கிச் சீனாவை உருக்குலைத்த பஞ்சம் அப்படி வந்ததுதான். யெனானில் இருந்த ஒரு வாரத்தில் இதைக் கண்டிருக்க முடியாது என்பதும் உண்மை.

1942 பிப்ரவரி தொடக்கத்தில், சிங்கப்பூர் விழச் சில நாட்களே இருந்தபோது, படகில் சுமத்ரா போய் ஜாவாவை அடைந்தார். ஜப்பானியர் தேடிய பெயர்களில் அவருடையது முதன்மையானது. பெயரை மாற்றிக்கொண்டு மாலாங் பகுதியில் ஒளிந்திருந்தவரைக் காத்தவர்கள் ஜிமெய் பள்ளியிலும் ஷியாமென் பல்கலைக்கழகத்திலும் படித்த பழைய மாணவர்கள். காட்டிக்கொடுத்தால் பரிசு, மறைத்தால் சாவு. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மறைவில் இருந்தபடி 1943இலும் 1944இலும், கையில் ஓர் ஆவணமும் இல்லாமல், நினைவிலிருந்தே தம் வரலாற்றை எழுதினார். தொகைகளும் தேதிகளும் நிறைந்த புத்தகம் அது. சிங்கப்பூரிலோ, நிவாரண நிதிக்கு உழைத்தவர்களையும் இன்னும் பல்லாயிரம் சீன ஆண்களையும் ஜப்பானியர் வடிகட்டிப் பிடித்துக் கடற்கரையில் சுட்டுக்கொன்றார்கள். தலைவர் தப்பினார், அவரோடு வேலை செய்தவர்களில் பலர் தப்பவில்லை.

போருக்குப் பின் நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். சியாங்குக்கு உதவாதீர்கள் என்று 1946இல் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குத் தந்தியடித்தார். சிங்கப்பூர்ச் சீனர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 1949 அக்டோபர் 1 அன்று, மக்கள் சீனம் அறிவிக்கப்பட்டபோது, தியானன்மென் மேடையில் நின்றார். மறு ஆண்டு சிங்கப்பூரை விட்டுப் போனவர் பிறகு திரும்பவேயில்லை. அறுபது ஆண்டுகள் வாழ்ந்த ஊர், பெரும்பாலான பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்த ஊர், அது.

பீஜிங்கில் பதவிகள் கொடுத்தார்கள். அவர் குடியிருக்கத் தேர்ந்தது ஜிமெய். குண்டுவீச்சில் சிதைந்த பள்ளிகளையும் பல்கலைக்கழகத்தையும் எழுபத்தைந்து வயதுக்குமேல் கைத்தடியோடு நின்று மறுபடி கட்டினார். மேல்நாட்டுச் சுவர்மேல் ஃபூஜியான் ஓட்டுக்கூரை என்ற பாணி இன்றும் அங்கே காணலாம். ஷியாமென்னை நிலத்தோடு இணைக்கும் கடற்பாலச் சாலையும், ஃபூஜியானுக்கு ரயில் பாதையும் வேண்டுமென்று மேலிடத்தை விடாமல் துளைத்தெடுத்தார். இரண்டும் ஐம்பதுகளில் வந்தன. ஒட்டுப்போட்ட குடையும், கைப்பிடி உடைந்த கோப்பையைக் கவிழ்த்து அதன்மேல் மெழுகுவத்தி நட்ட விளக்கும் அவர் வீட்டில் இன்றைக்கும் இருக்கின்றன. 1961 ஆகஸ்ட் 12 அன்று பீஜிங்கில் காலமானார். உடலை ரயிலில் ஜிமெய்க்குக் கொண்டுவந்து கடலோரத்தில் அடக்கம் செய்தார்கள். சேமிப்பில் பிள்ளைகளுக்கென்று எதையும் எழுதிவைக்கவில்லை.

பிள்ளைகள் வழியில் அல்லாமல் மருமகன் வழியில் அவருடைய பழக்கம் சிங்கப்பூரில் தொடர்ந்தது. லீ கோங் சியான், டான் கா கீயிடம் வேலை பார்த்து, அவர் மகளை மணந்து, பிறகு தனியே ரப்பரும் அன்னாசியும் செய்து மாமனாரை மிஞ்சிய செல்வரானவர். ஜிமெயை மறுபடி கட்டக் கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பியவர் அவர்தான். 1953இல் சிங்கப்பூரில் ஒரு பொது நூலகம் கட்ட 3,75,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். அதுவரை இருந்த ராஃபிள்ஸ் நூலகம் சந்தா கட்டுபவர்களுக்கானது. புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம். லீ வைத்த நிபந்தனைகள்: நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்கவேண்டும், ஆசிய மொழிப் புத்தகங்களும் வாங்கப்படவேண்டும். அரசு ஒப்புக்கொண்டது. 1960 நவம்பர் 12 அன்று ஸ்டாம்ஃபோர்டு சாலையில் தேசிய நூலகம் திறந்தது. மலாய், சீன, ஆங்கில நூல்களோடு தமிழ் நூல்களும் அங்கே அடுக்கப்பட்டன. கப்பலில் திரும்பாமல் அந்தத் தீவிலேயே தங்கிவிட்ட தமிழ்த் தொழிலாளியின் பிள்ளையும் ஒரு காசு கட்டாமல் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தது.